இன்னொரு தபா போடு

கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களின் உழவர்கள் சேர்ந்து நடத்தும் கம்பெனிக்கு அந்த வருஷம் ஒரு மெஷின் வந்தது. பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடியை, அதாவது வேர்க்கடலைச் செடியை, ஒரு பக்கம் கொடுத்தால், மறு பக்கம் காய் தனியாகவும் கொடி தனியாகவும் வந்து விழும். ஒரு கூட்டமே நாளெல்லாம் குந்தி ஆய்கிற செடியை அது காலை நாஸ்தா செரிப்பதற்குள் ஆய்ந்து முடித்துவிடும்.

ஆனால் மெஷின் ஒன்று, ஊர்கள் பல. ஆடியில் விதைத்த மல்லாட்டை புரட்டாசிக் கடைசியில் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முற்றிவிடும். பின்னாலேயே ஐப்பசி மழை வந்து நிற்கும். மழை முந்திக்கொண்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். ஆகவே மெஷின் முதலில் எந்த ஊருக்குப் போகும், கடைசியில் எந்த ஊருக்கு வரும் என்பது விளையாட்டுக் காரியம் இல்லை.

கம்பெனியின் தலைவி திரௌபதிக்கு இதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. போன வருஷம் வாடகை மெஷினுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஒரு சீட்டு மட்டும் வேறு மாதிரி மடித்திருந்தது என்று யாரோ சொல்லப்போக, இரண்டு ஊர்க்காரர்கள் பொங்கல் வரைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதனால் இந்த வருஷம் அவள் பஸ் ஏறித் திருவண்ணாமலைக்கு வந்து, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்த அஜிதனின் காபிக் கடைக்குள் நுழைந்தாள். அவள் தேடி வந்தது அஜிதனை அல்ல, மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த அவன் மனைவி அனுபமாவை.

அனுபமா புள்ளியியல் படித்தவள். வெளிநாட்டு மருந்து ஆராய்ச்சிக்காரர்களுக்கு வீட்டிலிருந்தே கணக்குப் போட்டுத் தருவது அவள் வேலை. எந்த நோயாளிக்குப் புது மருந்து, எந்த நோயாளிக்குப் பழைய மருந்து என்று யாருடைய விருப்பு வெறுப்பும் கலக்காமல் பிரித்துக் கொடுக்கும் புரோகிராம்களை அவள் எழுதியிருக்கிறாள். அவள் அப்பாவின் நிலமும் திரௌபதியின் நிலமும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிப்பவை. பாவாடை கட்டிய நாளிலிருந்தே, கறி மீன் தொடாத நயினார் வீட்டு அனுவைத் திரௌபதிக்குத் தெரியும்.

"கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்துடு அனு. மனுசங்க கையே படக் கூடாது. அப்பதான் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

"போட்டுடலாம்க்கா. இதுக்குப் போயி இம்மாந்தூரம் வரணுமா? போன்ல சொல்லியிருந்தா ஆச்சு."

"போன்ல சொன்னா உன் வூட்டுக்காரர் போடுற காபி கெடைக்குமா?"

அஜிதன் கீழேயிருந்து, "அக்காவுக்கு டபுள் ஸ்ட்ராங்" என்று குரல் கொடுத்தான்.

வேலை பார்ப்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. ஆனால் வெறுமனே குலுக்கினால் போதாது. முன்னால் விதைத்த ஊரை ரொம்பப் பின்னால் தள்ளக் கூடாது. இன்றைக்குத் தெற்குக் கோடியில் நின்ற மெஷின் நாளைக்கே வடக்குக் கோடிக்கு ஓடக் கூடாது, டீசலே தின்றுவிடும். ஆகவே அனுபமா இப்படி யோசித்தாள். விதிகளுக்கு ஒத்துவரும் ஏதோ ஒரு வரிசையில் தொடங்குவது. அதிலிருந்து ஓர் ஊரைக் கண்ணை மூடி எடுத்து, கண்ணை மூடியே வேறோர் இடத்தில் செருகுவது. விதி கெட்டால் பழைய இடத்திலேயே வைத்துவிடுவது, கெடாவிட்டால் அப்படியே விடுவது. இதையே லட்சக்கணக்கான தடவை செய்தால், தொடங்கிய வரிசையின் வாசனைகூட மிஞ்சாது. ஒத்துவரக்கூடிய எல்லா வரிசைக்கும் சம வாய்ப்பு.

முதலில் அவள் வழக்கம்போல் ஆர் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினாள். புள்ளியியல்காரர்களின் மொழி அது, எழுத எளிது, ஓட மெதுவு. இத்தனை லட்சம் செருகல்களை அது செய்து முடிப்பதற்குள் காபி ஆறி ஆடை கட்டியது. மண்டபம் நிறைய ஜனங்களை உட்கார வைத்துவிட்டு அப்படிக் காத்திருக்க முடியாது. அதனால் அந்தச் செருகும் பகுதியை மட்டும் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதி, கம்ப்யூட்டருக்கு நேரடியாகப் புரியும் மொழிக்கே மாற்றி உள்ளே பொருத்தினாள். இப்போது பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் வரிசை வந்து நின்றது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

குலுக்கல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் மணமக்கள் நாற்காலி இருக்கும் இடத்தில் லேப்டாப், பின்னால் வெள்ளைத் திரை. ஜனங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரியே சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அனுபமா மைக்கைப் பிடித்தாள்.

"கம்ப்யூட்டருக்கு நாம ஒரு நம்பர் குடுக்கணும். அதுக்கு வெதை நம்பர்னு பேரு. அந்த வெதையிலிருந்துதான் அது மத்த நம்பரை எல்லாம் மொளைக்க வெக்கும். அந்த நம்பரை நான் குடுக்கப் போறதில்ல, நீங்க குடுக்கப் போறீங்க. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுங்க."

ஜனங்களுக்கு இது பிடித்துப்போயிற்று. முன்வரிசையிலிருந்து "ஏழு" என்றார் ஒருவர். "மூணு", "ஒம்போது", "எனக்கும் ஏழுதான்" என்று குரல்கள் வந்தன. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நீள எண்ணாக்கி அனுபமா தட்டினாள். திரையில் வரிசை வந்தது. முதல் ஊர் புளியந்தாங்கல். கடைசி ஊர் கல்லேரிமேடு.

எல்லாக் கண்களும் மேடையில் நின்ற தலைவி பக்கம் திரும்பின. புளியந்தாங்கல் திரௌபதியின் ஊர்.

பின்வரிசையில் கல்லேரிமேட்டு ராமதாஸ் எழுந்து நின்றார். உயரமான ஆள், தோளில் துண்டு. எந்தக் கூட்டத்திலும் ஒரு கேள்வியாவது கேட்காமல் வீட்டுக்குப் போனதில்லை என்று பெயரெடுத்தவர்.

"எம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். வெதைன்னு சொன்ன. கேவுரு வெதைச்சா கேவுரு வரும், கம்பு வெதைச்சா கம்பு வரும். அதே நம்பரை மறுபடி குடுத்தா அதே வரிசைதான வரணும்?"

"ஆமாங்கண்ணா. அதே வரிசைதான் வரும்."

"அப்ப இன்னொரு தபா போடு."

அனுபமா சிரித்துக்கொண்டே அதே எண்ணைப் போட்டுத் தட்டினாள். திரையில் வரிசை வந்தது. முதல் ஊர் வேறு, கடைசி ஊர் வேறு. புளியந்தாங்கல் நடுவில் எங்கோ இருந்தது.

அவளுக்குக் காது சூடாயிற்று. எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்து, ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்துப் போட்டாள். மூன்றாவதாக வந்ததோ இரண்டிலும் இல்லாத புது வரிசை.

"இன்னொரு தபா போடு!" என்று இப்போது பல பேர் கத்தினார்கள். சில பேர் கோபத்தில், சில பேர் தங்கள் ஊர் முன்னால் வராதா என்ற ஆசையில். "அதையே வெச்சுக்கோ, எங்க ஊரு ரெண்டாவதா வந்துகீது" என்று ஒருவர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். திரௌபதி மைக்கை வாங்கினாள்.

"இன்னிக்குக் குலுக்கல் செல்லாது. அடுத்த ஞாயித்துக்கெழம மறுபடி. எல்லாரும் டீ குடிச்சிட்டுப் போங்க."

கூட்டம் கலைந்ததும் அனுபமாவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. திரௌபதி அவள் கையில் ஒரு டீ கிளாசைத் திணித்தாள்.

"அழுவாத. மொத தபா எங்க ஊரு பேரு மேல வந்துச்சு பாரு, அப்பவே நான் பயந்துட்டேன். அப்படியே போயிருந்தா ஊருக்குள்ள நான் தலை காட்ட முடியுமா? ராமதாசு கேட்டது நல்லதாப் போச்சு."

"தப்பு எங்கன்னு தெரியலக்கா."

"தெரிஞ்சுடும். ஒரு வாரம் இருக்குதே."

வீட்டுக்கு வந்து அனுபமா சாப்பிடாமலேயே மாடி ஏறினாள். தான் எழுதியதை மேலிருந்து படிக்கப் படிக்க, பாதியிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆர் மொழிக்குத்தான் அவள் விதையைக் கொடுத்திருந்தாள். ஆனால் எண்களை எடுத்தது ஆர் மொழி அல்ல. வேகத்துக்காக உள்ளே பொருத்திய சி பிளஸ் பிளஸ் பகுதி, எண்கள் உண்டாக்கத் தனக்கென்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தது. அதற்கு விதை அப்போதைய கடிகார நேரம். மண்டபத்தில் ஜனங்கள் கூவிச் சொன்ன ஏழும் ஒன்பதும் வெளியிலேயே நின்றுவிட்டன. உள்ளே அவற்றை யாரும் கேட்கவே இல்லை. மூன்று தடவை தட்டியபோது மூன்று வேறு நேரம், ஆகவே மூன்று வேறு வரிசை. ஏதோ பழைய வேலையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து ஒட்டியதும் அவள்தான்.

அந்தத் தனி ஏற்பாட்டை முழுக்க அழித்தாள். ஒவ்வொரு எண்ணையும் ஆர் மொழியிடமே கேட்டு வாங்கும்படி மாற்றினாள். உள்ளே நுழையும்போது ஆர் மொழி எந்த எண் வரைக்கும் வந்து நிற்கிறது என்று வாங்கிக்கொள்ள வேண்டும், வெளியே வரும்போது தான் எந்த எண்ணில் விட்டோம் என்று திருப்பிச் சொல்லிவிட வேண்டும். அதையும் எழுதினாள். தட்டினாள். மறுபடி தட்டினாள். லேப்டாப்பை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டுத் தட்டினாள். அதே வரிசை, அதே வரிசை, அதே வரிசை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிக் கடைக்குள் ஓடினாள். அஜிதன் இரண்டு கையிலும் டபராவோடு காபி ஆற்றிக்கொண்டிருந்தான்.

"இதத் தட்டுங்க!"

"கை ஒழியலியே அனு."

"மொழங்கையால தட்டுங்க!"

முழங்கையால் தட்டினான். வரிசை மாறவில்லை. அவள் கடையிலேயே ஒரு சுற்றுச் சுற்றி ஆட, மூலை மேசையில் இருந்த காவி உடுப்பு விருந்தாளிகள் என்ன ஏதென்று தெரியாமலே கை தட்டினார்கள்.

மறுநாள் மாலை வேலை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கல்லேரிமேட்டுக்கே போனாள். யார் கேள்வி கேட்டாரோ அவரிடமே முதலில் காட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ராமதாஸ் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவள் வேப்ப மரத்தடிக் கட்டிலில் லேப்டாப்பை வைத்து நான்கைந்து தடவை தட்டிக் காட்டினாள். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"சரி, உன் பொட்டியில ஒரே மாதிரி வருது. பொட்டி உன்னுது இல்லியா? இன்னொரு பொட்டியிலயும் இதே வரணும். இனியா, உன்னுத எடுத்துனு வா!"

இனியா அவர் மகள். வேலூரில் கம்ப்யூட்டர் படிக்கிறாள், லீவுக்கு வந்திருந்தாள். சீனியர் அக்காவிடமிருந்து பாதி விலைக்கு வாங்கிய ஆப்பிள் லேப்டாப் ஒன்று அவளிடம் இருந்தது. மேல் மூடி நெளிந்து போயிருந்தது, ஆனால் ஓடியது. அனுபமா எழுதியதை அதில் ஏற்றி, அதே விதை எண்ணைக் கொடுத்துத் தட்டினார்கள்.

வரிசை வேறாக வந்தது.

மறுபடி தட்டினார்கள். இனியாவின் லேப்டாப்பில் இரண்டு தடவையும் ஒரே வரிசைதான். ஆனால் அது அனுபமாவின் வரிசை இல்லை.

ராமதாசுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நான் இன்னா சொன்னேன்? பொட்டிக்குப் பொட்டி வேற பேச்சு பேசுது! இரு, கூழு எடுத்தாரேன்" என்று உள்ளே போனார்.

அனுபமாவுக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கையே விட்டுப்போனது. ஆனால் இனியா அதற்குள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, நம்பரே வேறயா வருதா, இல்ல நம்பர் ஒண்ணா வந்து அப்பால மாறுதா?"

அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இரண்டு லேப்டாப்பிலும் உதிரும் எண்களை மட்டும் திரையில் ஓட விட்டார்கள். எண்கள் இம்மியும் பிசகாமல் ஒன்றாக இருந்தன. அப்படியானால் விதையில் குற்றமில்லை. எண்களை வாங்கி என்ன செய்கிறது என்பதில்தான் கோளாறு. முதல் செருகலை மட்டும் செய்து நிறுத்திப் பார்த்தார்கள்.

இனியா விரலை வைத்தாள். "உங்களுதுல மூணாவது எடத்துல இருக்குற ஊர எடுத்து ஏழாவது எடத்துல வெக்குது. என்னுதுல ஏழாவது ஊர எடுத்து மூணாவது எடத்துல வெக்குதுக்கா. தலகீழா இருக்கு!"

அடுத்த செருகலும் தலைகீழ். அதற்கடுத்ததும். அனுபமா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, ஒரே வரியில எழுதிட்டேன் இனியா! எங்கேருந்து எடுக்கணும், எங்க வெக்கணும், ரெண்டு நம்பரையும் ஒரே வரியில கேட்டிருக்கேன் பாரு."

"கேட்டா?"

"ஒரே வரியில ரெண்டு நம்பர் கேட்டா எத மொதல்ல வாங்கணும்னு சி பிளஸ் பிளஸ் சொல்றதே இல்ல. கம்பைலர் இஷ்டம். நாம எழுதுறத மெஷினுக்குப் புரியுற மாதிரி மாத்திக் குடுக்குற கம்பைலர் என்னுதுல ஒண்ணு, உன்னுதுல ஒண்ணு. என்னுது பின்னாலேருந்து வாங்குது, உன்னுது முன்னாலேருந்து வாங்குது. ரெண்டும் தப்பில்ல. எழுதுனது நான்தான்."

"அப்ப ரெண்டு வரியாப் பிரிச்சிட்டா?"

"நீயே பிரி."

இனியா பிரித்தாள். முதல் வரியில் எடுக்கும் இடம், அதற்கடுத்த வரியில் வைக்கும் இடம். அவ்வளவுதான் மாற்றம். இரண்டு லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே சமயத்தில் தட்டினார்கள். முதல் ஊர் ஒன்று. இரண்டாம் ஊர் ஒன்று. விரலால் கோடு இழுத்துக்கொண்டே கடைசி ஊர் வரைக்கும் வந்தார்கள். ஒன்றேதான்.

இனியா போட்ட கூச்சலில் மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது. ராமதாஸ் கூழ்ச் சொம்போடு பாய்ந்து வந்தார்.

"பாம்பா? எங்க, எங்க?"

"பாம்பு இல்லப்பா! ஒண்ணா வந்துடுச்சு!"

அவர் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு எண் கொடுக்கச் சொன்னார். மாட்டின் வயசைக் கொடுக்கச் சொன்னார். தன் போன் நம்பரைக் கொடுக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் இரண்டு லேப்டாப்பும் ஒரே பேச்சே பேசின. கடைசியில் சொம்பைக் கட்டிலில் வைத்து, "குடி. வெங்காயம் கடிச்சுக்கோ" என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஒப்புதல் அவ்வளவுதான். ஆனால் அவள் கிளம்பும்போது ஸ்கூட்டர் வரைக்கும் வந்து, "ஞாயித்துக்கெழம ரெண்டு பொட்டி பத்தாது, மூணாவதா ஒண்ணு வெய்யி" என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஞாயிறு மண்டபத்தில் போன தடவையைவிடக் கூட்டம் ஜாஸ்தி. மல்லாட்டையே போடாதவர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். மேடையில் அனுபமாவின் லேப்டாப் ஒரு கோடியில், இனியாவின் லேப்டாப் மறு கோடியில். மூன்றாவதாக, பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடை அருணகிரி தன் பழைய கம்ப்யூட்டரைத் திரையோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து நடுவில் வைத்திருந்தார். எழுதியதை முந்தின நாளே அவரிடம் கொடுத்து அதில் ஏற்றியாகிவிட்டது. மூன்று பேரும் ஒருவர் திரை ஒருவருக்குத் தெரியாதபடி முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். இப்படி உட்கார வேண்டும் என்பது ராமதாஸின் கட்டளை.

மறுபடியும் புதிய விதை எண் கேட்கப்பட்டது. இந்தத் தடவை எண் சொல்ல அடிதடி. "நாலு", "ரெண்டு", "சைபர் சொல்லலாமா?" "சொல்லுங்க, தாராளமா." பெண்கள் பக்கத்திலிருந்து "எட்டு" என்று ஒரு கூட்டமே சேர்ந்து கத்தியது. திரௌபதி அந்த எண்ணை மைக்கில் இலக்கம் இலக்கமாகப் படித்தாள். மூன்று பேரும் தட்டினார்கள்.

"மொத ஊரு?" என்று கேட்டாள் திரௌபதி.

"மேல்வாழப்பட்டு" என்றாள் அனுபமா.

"மேல்வாழப்பட்டு" என்றாள் இனியா.

அருணகிரியின் கம்ப்யூட்டர் கொஞ்சம் முக்கியது. "மேல்வாழப்பட்டு!" என்று அவர் கையைத் தூக்கியதும் விசில் பறந்தது.

இரண்டாவது ஊர் மூன்று வாயிலும் ஒன்றாக வந்தது. மூன்றாவது ஊரையும் அப்படியே சொன்னார்கள். நான்காவது ஊருக்கு வரும்போது அனுபமா சொன்னதை அருணகிரி சொல்வதற்கு முன்பே ஜனங்கள் சேர்ந்து சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கோயிலில் அர்ச்சகர் சொல்லச் சொல்லக் கூட்டம் திருப்பிச் சொல்வதுபோல் ஊர்ப் பெயர்கள் மண்டபத்தில் எதிரொலித்தன. தங்கள் ஊர் வந்ததும் அந்தந்த ஊர்க்காரர்கள் எழுந்து துண்டைச் சுழற்றினார்கள். முன்னால் வந்தவர்களும் சுழற்றினார்கள், பின்னால் வந்தவர்களும் சுழற்றினார்கள். புளியந்தாங்கல் கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தபோது, திரௌபதி மைக் இருப்பதை மறந்து "அப்பாடா!" என்றாள். மண்டபம் குலுங்கிச் சிரித்தது.

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது, இன்னும் பெயர் வராத ஊர் ஒன்றே ஒன்றுதான்.

"கடைசி ஊரு?" என்றாள் திரௌபதி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இனியா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சொன்னாள். "கல்லேரிமேடு. எங்க ஊருதான்."

எல்லாத் தலைகளும் பின்பக்கம் திரும்பின. ராமதாஸ் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடுவழியாக நடந்து மேடைக்கு வந்தார்.

"இன்னொரு தபா போடு" என்றார் அவர்.

போட்டாள். கல்லேரிமேடு கடைசி. அருணகிரியிடம் போய்ப் போடச் சொன்னார். கடைசி. மகளிடம் போய் நின்றார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டினாள். கடைசி.

ராமதாஸ் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று முன்வரிசை பயந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு பெருத்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார்.

"எத்தினி தபா போட்டாலும் நான்தான்யா கடைசி! என் பொண்ணே போட்டாலும் நான்தான் கடைசி! ஒத்துக்குறேன். இது நேர்மையான பொட்டி!"

கை தட்டல் ஓய வெகு நேரம் ஆயிற்று. யாரோ பலகாரக் கடையிலிருந்து மிக்சர் பொட்டலங்கள் வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். போன வருஷம் முகம் பார்க்காமல் இருந்த இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே பொட்டலத்தில் கை விட்டுத் தின்றார்கள். அருணகிரி தன் பழைய கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து ஆட்டோவில் ஏற்றினார். இனியா ஆறாம் செமஸ்டர் பிராஜக்ட்டுக்கு உங்களிடமே வரட்டுமா என்று கேட்டாள். "நாளைக்கே வா" என்றாள் அனுபமா.

மெஷின் ஊர் ஊராகப் போயிற்று. நடுவில் இரண்டு நாள் மழை பிடித்து ஓர் ஊரில் கொஞ்சம் காய் முளைத்தது. அந்த ஊர்க்காரர்கள் மழையைத் திட்டினார்கள், வரிசையைத் திட்டவில்லை. அப்புறம் வானம் வெளுத்து வெயில் காய்ந்தது. ஐப்பசியில் ஒரு நாள் ராமதாசிடமிருந்து அனுபமாவுக்குப் போன் வந்தது.

"மெஷின் வந்துடுச்சு. வூட்டுக்காரரையும் இட்டுனு வா. காலையிலயே வந்துடணும்."

அவளும் அஜிதனும் போனபோது மல்லாட்டைக் கொல்லையில் திருவிழாக் கூட்டம். மெஷினுக்கு மாலை போட்டிருந்தார்கள். ஆண்கள் செடியை வாரி வாரிக் கொடுக்க, மறு பக்கம் காய் கலகலவென்று கொட்டியது. பெண்கள் சாக்கைப் பிடித்து நின்றார்கள். புழுதியில் எல்லார் முகமும் செம்மண் நிறம். அஜிதன் சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டுச் செடி கொடுக்கப் போய்விட்டான். இனியா பச்சை மல்லாட்டையை அள்ளி வந்து அனுபமாவின் துப்பட்டாவில் கொட்டினாள். பாலாக இனித்தது.

"கடைசியில வந்துச்சுன்னு வருத்தம் இல்லியாண்ணா?" என்று அனுபமா ராமதாசைக் கேட்டாள்.

"இன்னாத்துக்கு வருத்தம்? மத்த ஊருல மெஷின் நிக்கும்போதே அடுத்த ஊருக்காரன் வந்து டிரைவர் பக்கத்துல குந்திக்குறான், எப்ப அனுப்புவ எப்ப அனுப்புவன்னு. எனக்குப் பின்னால யாரு காத்துனு இருக்கா? ஒருத்தனும் இல்ல." அவர் டிரைவரைப் பார்த்துக் கை காட்டினார். "மெதுவா ஓட்டுய்யா! மத்தியானம் கறிச்சோறு. நமக்குச் சாம்பார் தனியா வெச்சிருக்கு நயினார் பொண்ணே, கவலப்படாத. நாளைக்கும் இங்கதான் மெஷின். நாளன்னிக்கும் இங்கதான்."

"நமக்கா? நீங்களும் கறி சாப்பிடலியாண்ணா?"

"புரட்டாசி போயிடுச்சு, ஆனா உன்கூட ஒக்காந்து சாப்புட ஆளு வேணாமா?" என்றார் ராமதாஸ், சாக்கு நிறைந்துவிட்டது என்று யாரோ கூப்பிட ஓடிக்கொண்டே.